மூன்றாம் ரகம்

இருபத்தாறு வருஷம்
மேல்விஷாரத்துத் தோல்ஷாப்பில்
தரம் பிரிக்கிற மேசை என்னுடையது.
நீலம் பாரித்த ஈரத்தோலை விரித்து
வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை,
உள்ளங்கையால் ஒரு தடவல்,
ஓரத்தில் சாக்பீஸால் ஓர் எண்.
ஒன்று, இத்தாலிக்கு.
இரண்டு, ஆம்பூருக்கு.
மூன்று, உள்ளே வைத்துத் தைக்க.
நான்கைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

பக்கத்துக் கொட்டகையில் பஃபிங் மெஷின்.
மாவு மில் மாதிரி தூசி.
மூக்கில் துண்டு கட்டு என்பார் முதலாளி,
துண்டையும் அவரே தருவார், பக்ரீத்துக்கு ஒன்று.
மூச்சு எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை.
முதலில் ரத்தினகிரிப் படி போனது,
பிறகு மாடிப்படி,
பிறகு சட்டைப் பொத்தான்.
கடைசியில் எங்களோடு ஒரு சிலிண்டர் குடிவந்தது.
மரகதம் அதற்குப் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டாள்,
"பெரியவர்" என்று பேரும் வைத்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஏழு மாதம்.
அடுத்த கட்டிலில் அஃப்ரோஸ், பேரணாம்பட்டு,
இருபத்துமூன்று வயது.
அவளுக்கு ஒருமுறை வந்தது.
கொஞ்சம் சுமார்தான் என்றார்கள்.
நல்லதாக வரட்டும் என்றான் அண்ணன்.
வரும் தம்பி என்று நானும் தலையாட்டினேன்.
ஆடி போய் ஆவணி வந்தது.
கட்டிலுக்கு வேறு விரிப்பு வந்தது.

எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி இரண்டு மணி.
டாக்டர் பிரிசில்லாவுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.
கொடுப்பவருக்கு ஐம்பத்தெட்டு வயது.
பீடி, முப்பது வருஷம்.
படத்தில் இடது கீழ்ப்பக்கம் ஒரு மங்கல்.
இரண்டு ஊர்களில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.
"முதல் தரம் இல்லை, கன்னியப்பன்.
ஆபத்து கொஞ்சம் கூடத்தான்.
காத்திருப்பதிலும் இருக்கிறது."

முதல் தரம்.
அந்தச் சொல்லை என்னிடமா சொல்வது?

மாசில்லாத தோல் எது தெரியுமா டாக்டர்,
வெயில் பார்க்காத கன்று.
முள்வேலி தாண்டாதது,
உண்ணி ஏறாதது,
சண்டைக்குப் போய்க் கொம்புக்கீறல் வாங்காதது.
பிறந்தது, படுத்தது, செத்தது.
மூன்றாம் ரகத்தில்தான் மாடு இருக்கும்.
எங்கே மேய்ந்தது, எந்த வேலியில் சிக்கியது,
யார் சூடு போட்டார்கள்
எல்லாம் என் கை வாசிக்கும்.

முதல் தரத்து நுரையீரல் என்றால்
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
ஹெல்மெட் இல்லாமல் போன பத்தொன்பது வயது.
அதற்காகவா ராத்திரி ராத்திரி
போனைக் காதோரம் வைத்துப் படுத்திருந்தேன்?
ஆமாம்.
அதற்காகத்தான் படுத்திருந்தேன்.

இதெல்லாம் சொல்ல மூச்சில்லை.
மூன்று விரலைக் காட்டினேன்.
டாக்டருக்குப் புரியவில்லை. மரகதம்தான் சொன்னாள்:
"உள்ள வச்சுத் தைக்கச் சொல்றாரு."

சுலபமாக நடக்கவில்லை.
பதினோரு நாள் குழாய் எடுக்கவில்லை.
அந்த மங்கல் காய்ச்சலாக வந்தது, போனது,
கடன்காரன் மாதிரி மறுபடியும் வந்தது.
பத்தாம் நாள் மைத்துனன் ஊரிலிருந்து வந்து
ஒன்றும் பேசாமல் கால்மாட்டில் நின்றான்.
வேட்டி புதுசு. எனக்குப் புரிந்தது.

போன வாரம் ஆற்காட்டுப் பாலத்தில்
பாதி தூரம் நடந்தேன். நின்றேன்.
கீழே பாலாறு, மணலும் கருவேலமும்.
தண்ணீர் எங்கே என்று யாரும் கேட்கிற ஆறில்லை அது.
காற்று இருந்தது. நிறைய இருந்தது.
திரும்பி மீதிப் பாதியையும் நடந்தேன்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சட்டம்.
குளிக்கும்போது தையல் தழும்பின் மேல்
உள்ளங்கை தானாகப் போகிறது.
என்ன எண் போடுவது என்று தெரியாமல்
சோப்பை எடுத்துக்கொள்கிறேன்.
டீக்கடையில் பீடிப் புகை வந்தால்
ரோட்டைத் தாண்டிவிடுகிறேன்.
உள்ளே இருப்பவர் மறுப்பு சொல்வதில்லை.
முப்பது வருஷப் பழக்கம்,
ஒரு இழுப்பு கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
பேரை மட்டும் மரகதம் கொடுக்கவில்லை.
விடியற்காலையில் நான் இருமினால்
அடுப்பங்கரையிலிருந்து கேட்கிறாள்:
"பெரியவர் எழுந்துட்டாரா?"